நாலும் சுத்தினால் ரோடு வந்துவிடுமா?

போன ஐப்பசியில், நல்ல மழைக்கு மறுநாள், மங்கலத்தில் ஒரு பட்டறைக்குப் போயிருந்தேன். என் பழைய காருக்கு கிளட்ச் போட வேண்டிய வேலை. போன இடத்தில் வேறொரு ஆபரேஷன் நடந்துகொண்டிருந்தது. வேப்பமரத்தடியில் ஒரு பிக்-அப் வண்டி, முன் சக்கரம் இரண்டும் இல்லாமல், செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் காயலான் கடை வாசனையோடு ஒரு பழைய ஜீப்பின் முன் ஆக்சில் கிடந்தது. அதற்குத் தலைமாட்டில், குழந்தை பிறந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் அப்பன் நிற்கிற மாதிரி, வண்டிக்காரத் தம்பி நின்றுகொண்டிருந்தார்.

எனக்குத் தெரிந்தவர்தான். நிட்டிங்கிலிருந்து சாயப்பட்டறைக்கு, சாயப்பட்டறையிலிருந்து காம்பாக்டிங்குக்கு, அங்கிருந்து கட்டிங்குக்கு என்று துணி ரோல் அடிக்கிறவர். திருப்பூரில் ஒரு பனியன் உங்கள் உடம்புக்கு வருவதற்கு முன் எத்தனை தடவை பிக்-அப் ஏறி இறங்கியிருக்கிறது என்று எண்ணினால், அதற்கே தனி டிக்கெட் போடலாம்.

“என்ன தம்பி, ஆக்சிடென்டா?”

“இல்லீங்ணா. ஃபோர் வீல் பண்றோம்.”

ரியர் வீல் டிரைவ் வண்டியை நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியாக மாற்றுகிறாராம். செலவு எவ்வளவு என்றேன். “ரெண்டரை லட்சத்துல முடிச்சுத் தர்றேன்னு சொல்லியிருக்காருங்ணா” என்று மெக்கானிக்கைக் காட்டினார். மெக்கானிக் என் முகத்தைப் பார்க்காமல் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இந்த ஒரு தம்பி மட்டும் என்றால் நான் இதை எழுத மாட்டேன். வண்டி வைத்திருக்கிற பத்து இளைஞர்களை நிறுத்திக் கேளுங்கள், நாலைந்து பேருக்காவது இந்த ஆசை இருக்கும். தரையிலிருந்து ஒரு முழம் தூக்கிய வண்டி, பெரிய டயர், கியர் லீவருக்குப் பக்கத்தில் குட்டியாக இன்னொரு லீவர். அந்தக் குட்டி லீவருக்கு இருக்கிற மரியாதை அம்பாசடர் காரில் சிவப்பு விளக்குக்குக்கூட இருந்ததில்லை. உங்கள் வீட்டிலும் ஒருவர் இதற்காகச் சீட்டு எடுக்கத் தயாராக இருக்கலாம். அவர் கையில் இந்தப் பக்கத்தைக் கொடுங்கள். வேண்டாம் என்பதுதான் நான் சொல்லப்போவது. அதைச் சும்மா சொல்லவில்லை, கணக்குப் போட்டுச் சொல்கிறேன். படித்தது பி.காம்., வேறென்ன தெரியும் எனக்கு?

முதலில் தம்பியின் நியாயம். அவர் நியாயம் இல்லாமல் பேசவில்லை. அவர் லோடு இறக்குகிற சந்தில் குழாய் போடுவதற்காகத் தோண்டினார்கள். தோண்டியவர்கள் மண்ணைத் தள்ளிவிட்டுப் போய்விட்டார்கள். காய்ந்தால் புழுதி. மழை பெய்தால் அல்வா. வண்டி உள்ளே போய்விடும், வெளியே வராது. “ஒரு நாள் லேட்டானா கம்பெனில கத்தறாங்ணா. கப்பல்ல போக வேண்டியத ஏர்ல அனுப்புனா அந்தக் காச யாரு குடுக்கறது?” உண்மைதான். ஏற்றுமதி ஊரில் ஒரு நாள் என்பது சாதாரண சரக்கு இல்லை. அந்தத் தம்பியின் பயம் நிஜமான பயம்.

“சரி, வருஷத்துக்கு எத்தனை தடவை மாட்டுது?”

விரல் விட்டு எண்ணினார். ஏழோ எட்டோ. எட்டு என்றே வைத்துக்கொள்வோம்.

“மாட்டினா என்ன பண்ணுவீங்க?”

“டிராக்டர்காரர கூப்புடுவேனுங்ணா. ஐந்நூறு வாங்குவாரு.”

எட்டு ஐந்நூறு நாலாயிரம். காத்திருந்த நேரம், டிரைவர் சம்பளம், போன ஒரு டிரிப் என்று ஒவ்வொரு தடவைக்கும் இன்னொரு ஆயிரம் சேர்த்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு 12,000. இந்தப் பக்கம் முதலீடு இரண்டரை லட்சம். ஒன்பது சதவிகித வட்டி என்றாலே வருஷத்துக்கு 22,500. அசல் கிடக்கட்டும், வட்டிக்கே டிராக்டர்காரரை இரண்டு தடவை குடும்பத்தோடு கூப்பிட்டு விருந்து வைக்கலாம். இதில் டீசல் சேர்க்கவில்லை. கூடுதலாகச் சுமக்கிற இரும்பு, கூடுதலாகச் சுற்றுகிற பல்சக்கரம் எல்லாம் தினமும் கொஞ்சம் கொஞ்சம் குடிக்கும், மழை இல்லாத நாளிலும்.

“காசு மட்டும்தானாங்ணா?” என்றார் தம்பி. இல்லை. காசு பாதிதான். மீதிப் பாதி வண்டிக்கு அடியில் இருக்கிறது.

நாலு சக்கர இழுவை என்பது ஒரு சாமான் வாங்கிப் பொருத்துகிற விஷயம் இல்லை. கியர்பாக்ஸுக்குப் பின்னால் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்று ஒரு பெட்டி வர வேண்டும். பின்னால் போகிற சக்தியைப் பிரித்து முன்னாலும் அனுப்புவது அதுதான். அங்கிருந்து முன்பக்கம் ஒரு ஷாஃப்ட். முன் ஆக்சில் இதுவரை வண்டியைத் தாங்கிக்கொண்டு சும்மா உருண்டது. இனி அதற்கும் ஒரு கிரவுன்-பினியன், ஒரு ஹவுசிங். சக்கரம் இழுக்கவும் வேண்டும், ஸ்டீயரிங்குக்குத் திரும்பவும் வேண்டும் என்பதால் இரண்டு முனையிலும் ஜாயின்ட். அந்த ஹவுசிங் எங்கே வரும்? நேராக இன்ஜின் சம்ப்புக்குக் கீழே. பட்டை ஏறி இறங்கும்போது சம்ப்பில் இடிக்காமல் இருக்க வண்டியை உயர்த்த வேண்டும். உயர்த்தினால் ஷாஃப்டின் கோணம் மாறும், ஸ்டீயரிங் ராடின் கோணம் மாறும், பிரேக் ஓஸ் நீளம் போதாது. ஒரு நூலை இழுத்தால் பனியன் முழுக்கப் பிரிகிற கதை. திருப்பூர்க்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இதிலே முக்கியமான கணக்கு பல் கணக்கு. பின் ஆக்சிலில் ஷாஃப்ட் ஐந்து முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றுகிறது என்று வையுங்கள். காயலான் கடையில் கிடைத்த முன் ஆக்சிலில் நாலரை முறைக்கே ஒரு சுற்று வந்துவிடுகிறது. நாலு சக்கரத்தையும் பூட்டினால் என்ன ஆகும்? முன் சக்கரம் ஒரு வேகம் கேட்கும், பின் சக்கரம் இன்னொரு வேகம் கேட்கும். சேற்றில் டயர் வழுக்கிச் சமாளிக்கும். தார் ரோட்டில் வழுக்க இடம் கிடையாது. இரும்பு இரும்பை முறுக்கும். கடைசியில் எது பலவீனமோ அது உடையும். எப்போது உடையும், எங்கே உடையும் என்பது உடைந்த பிறகுதான் தெரியும்.

பல் கணக்கு அச்சுப் பிசகாமல் பொருந்தியிருந்தாலும், இந்த மாதிரி வண்டியில் தார் ரோட்டில் அந்தக் குட்டி லீவரைப் போடக் கூடாது. திருப்பத்தில் முன் சக்கரம் போகிற வட்டம் பெரிசு, பின் சக்கரத்தின் வட்டம் சிறிசு. கம்பெனியே செய்து தருகிற வண்டியிலும் இதே விதி. புத்தகத்தில் எழுதியிருப்பான், நாம் புத்தகத்தை டேஷ்போர்டுக்குள்ளே பிளாஸ்டிக் கவர் பிரிக்காமல் வைத்திருப்போம்.

இன்னொன்று. லீவர் போட்டால் வண்டி எங்கேயும் மாட்டாது என்று நினைக்கிறார்களே, அது தப்பு. சாதாரண டிஃபரன்ஷியலுக்கு ஒரு குணம் உண்டு. ஒரு பக்கச் சக்கரம் சேற்றில் வழுக்கிச் சுற்றினால், உறுதியான தரையில் நிற்கிற அடுத்த சக்கரத்துக்கும் அதே அளவு பலம்தான் போகும். அதாவது, ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஆபீஸில் வேலை செய்யாதவனுக்கு எவ்வளவு சம்பளமோ அதே சம்பளம் வேலை செய்கிறவனுக்கும் என்று விதி போட்ட மாதிரி. முன்னால் ஒரு சக்கரமும் பின்னால் ஒரு சக்கரமும் வழுக்கினால், இரண்டரை லட்சம் செலவு செய்த வண்டியும் டிராக்டர்காரருக்குப் போன் போட வேண்டியதுதான்.

அந்த டிராக்டரில் என்ன இருக்கிறது தெரியுமா? உங்கள் தாத்தா தோட்டத்து டிராக்டரில் பார்த்திருப்பீர்கள், காலுக்குக் கீழே ஒரு சின்ன பெடல். டிஃபரன்ஷியல் லாக். அதை மிதித்தால் பின் சக்கரம் இரண்டும் ஒன்றாகச் சுற்றும். சேறு கலக்குகிற எத்தனையோ டிராக்டர்கள் பின் சக்கரம் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு, அந்த ஒரு பெடலாலேயே வெளியே வருகின்றன. தானாகப் பூட்டிக்கொள்ளும் பின் டிஃபரன்ஷியலை சில வண்டிகளில் கம்பெனியே போட்டுத் தருகிறது. அடுத்த வண்டி வாங்கும்போது ஷோரூமில் கேட்க வேண்டிய கேள்வி அது. ஒருவரும் கேட்பதில்லை. ஃபோட்டோவில் அது தெரியாதே!

பிக்-அப் பற்றி இன்னொரு வேடிக்கை. அது அதிகம் மாட்டுவது லோடு இல்லாதபோது. பின்னால் எடை இல்லை, இழுக்கிற சக்கரம் தரையைக் கவ்வாது. சரக்கை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போதுதான் மாட்டுகிறதா என்று தம்பியிடம் கேட்டேன். யோசித்துவிட்டு, “அட, ஆமாங்ணா” என்றார். அதற்கு வைத்தியம் பின்னால் நாலு மணல் மூட்டையும், கட்டை கட்டையாகப் பட்டன் வைத்த டயரும், கொஞ்சம் காற்றுக் குறைப்பதும். ஆயிரங்களில் முடிகிற வேலை.

சரி, இப்படி மாற்றுவதே அபத்தமா? இல்லை. அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரத்தில் நாப்கோ என்று ஒரு கம்பெனி, 1950-களில் இதையே தொழிலாகச் செய்தது. செவ்ரோலே பிக்-அப்புக்கு நாலு சக்கர இழுவை கிட். அது நன்றாக ஓடி, 1957-இல் செவ்ரோலே கம்பெனியே தன் ஃபாக்டரியில் அதைப் பொருத்தி விற்றது. அதற்கும் முன்னால், 1930-களிலேயே, மார்மன்-ஹெரிங்டன் கம்பெனி ஃபோர்டு லாரிகளை இப்படி மாற்றிக் கொடுத்தது. ஆனால் அவர்கள் காயலான் கடையில் எது கிடைக்கிறதோ அதைப் போடவில்லை. இந்த மாடலுக்கு இந்த கிட் என்று வரைந்து, வார்த்து, ஓட்டிப் பார்த்து விற்றார்கள். நம்மிடம் கை வேலைக்குக் குறைவா? கோயமுத்தூர், திருப்பூர் பக்கத்து லேத்துக்காரர்களின் கையை நான் மதிக்கிறேன், படம் பார்த்தே பல்சக்கரம் வெட்டுகிறவர்கள். குறைவது சோதனை. கிட் சரியா என்று சோதிக்கிற இடத்தில் இன்று என்ன இருக்கிறது? மங்கலம் ரோடு இருக்கிறது. அதில் ஸ்கூலுக்குப் போகிற உங்கள் குழந்தை இருக்கிறது.

இப்போது சட்டத்துக்கு வருவோம். “ஆர்.சி. புக்குல ஏத்திட்டீங்களா?” என்று கேட்டேன். தம்பி சிரித்தார். “எஃப்.சி. அன்னிக்கு முன் ஷாஃப்டக் கழட்டிப் போட்டுக்கலாம்ணா.”

பார்த்தீர்களா, அத்தனை சாமர்த்தியமும் எங்கே போகிறது என்று!

1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தில் 52-ஆவது பிரிவு. முதலில் எழுதியபோது அது இவ்வளவு கறார் இல்லை. வண்டியை மாற்ற வேண்டுமானால் பதிவு செய்த அலுவலகத்தில் முன்கூட்டி எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கிக்கொள்ள வழி இருந்தது. 2000-ஆம் வருடத் திருத்தத்தில் அந்தக் கதவைச் சாத்தினார்கள். கம்பெனி சொன்ன விவரத்துக்கும் ஆர்.சி.யில் இருக்கிற விவரத்துக்கும் வித்தியாசம் வருகிற மாதிரி மாற்றக் கூடாது என்றாகிவிட்டது. 2019 ஜனவரியில் கேரளத்து வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் அதையே அடித்துச் சொன்னது. அதே 2019-இல் வந்த திருத்தம், 182-ஏ பிரிவு, இன்னும் ஒரு படி மேலே. அனுமதியில்லாத மாற்றம் செய்த சொந்தக்காரருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ‘ஒவ்வொரு மாற்றத்துக்கும்’ என்பதைக் கவனியுங்கள். டிரான்ஸ்ஃபர் கேஸ் ஒன்று, ஆக்சில் ஒன்று, உயரம் ஒன்று என்று எண்ண ஆரம்பித்தால், எண்ணுகிறவர் காலையில் டிபன் சாப்பிட்டாரா என்பதைப் பொறுத்தது தொகை.

இந்தச் சட்டம் எனக்குப் பிடித்தமான சட்டம் இல்லை. நல்ல வேலையையும் மட்டமான வேலையையும் ஒரே கயிற்றில் கட்டுகிறது. கேஸ் கிட்டை மட்டும் எப்படி அனுமதிக்கிறார்கள்? சோதித்து அங்கீகரித்த கிட், அதைப் பொருத்த அனுமதி பெற்ற இடம், ஆர்.சி.யில் ஒரு வரி. அந்த வழியை இதற்கும் திறந்துவிட்டால் நம் லேத்துக்காரர்கள் நாப்கோ மாதிரி ஒரு தொழிலையே உண்டாக்குவார்கள். கேட்க வேண்டிய கோரிக்கை இது. திருட்டுத்தனமாக ஷாஃப்டைக் கழற்றுவது கோரிக்கை ஆகாது.

ஏனென்றால் அந்தத் திருட்டுக்கு விலை கொடுப்பது தம்பி மட்டும் இல்லை. துணி ரோல் எடையில் குறைவு, உயரத்தில் அதிகம். கேபினுக்கு மேலே எழும்பி நிற்கும். அதன் மேல் லோடு ஏற்றுகிற பையன் ஒருவன் படுத்துக்கொண்டு வருவான். தப்புதான், ஆனால் தினமும் நீங்கள் பார்க்கிற தப்பு. இந்த வண்டியை ஒரு ஜாண் தூக்கினால் திருப்பத்தில் சாய்வதற்கு அவ்வளவு சீக்கிரம் தயாராகிவிடும். நாலு சக்கரமும் இழுக்கிறது என்பதால் வண்டி சீக்கிரம் நிற்காது. பிரேக் ஏற்கெனவே நாலு சக்கரத்திலும்தான் இருக்கிறது, அதை யாரும் அஞ்சாவதாக ஒன்று வைத்துத் தரவில்லை. ஆனால் லீவர் வைத்தவன் கால், ஆக்சிலேட்டரில் கொஞ்சம் அதிகமாக அழுந்தும். ஏதாவது ஆனால் இன்ஷூரன்ஸ் கம்பெனி முதலில் ஆர்.சி.யைக் கேட்கும், அடுத்து வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்கும். பாலிசிப் பணம் தராமல் சண்டை போட அதற்கு ஒரு நல்ல காரணத்தை நாமே வெல்டிங் வைத்துக் கொடுத்திருப்போம். மேலே படுத்திருந்த பையனின் அம்மா அந்தச் சண்டை முடியும்வரை கோர்ட் வாசலில் நிற்பாள்.

நாலு சக்கரமும் இழுத்தே ஆக வேண்டிய ஊர்கள் இருக்கின்றன. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறுகிற பாதையைப் போய்ப் பாருங்கள், அங்கே ஜீப்பைத் தவிர வேறு பேச்சு கிடையாது. அப்படித் தேவைப்படுகிறவருக்கு ஃபாக்டரியிலிருந்தே வருகிற வண்டிகளும் உண்டு. இசுஸு வி-கிராஸ் 2016-இல் வந்தது, டொயோட்டா ஹைலக்ஸ் 2022-இல் வந்தது, மஹிந்திரா பொலேரோ பிக்-அப்பிலேயே நாலு சக்கர மாடல் வந்திருக்கிறது. விலை அதிகம்தான். மங்கலம் மலையா? நொய்யல் கரை. டீ டம்ளரைத் தரையில் வைத்தால் தளும்பாத ஊர். இங்கே மலை என்று ஏதாவது இருந்தால், அது குழாய்க்காரர்கள் தோண்டிப் போட்ட மண் மேடுதான்.

அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. அந்தச் சந்தில் தம்பி மாதிரி ஆறு ஜாப் ஒர்க்காரர்கள் இருக்கிறார்கள். ஆறு பேருக்கும் அதே சேறு. ஆளுக்கு இரண்டரை லட்சம் என்றால் பதினைந்து லட்சம். இவ்வளவு பணத்தையும் சந்தில் போடாமல் சக்கரத்தில் போடுவோம் என்கிறார்கள்! கிராவல் நாலு லோடும் தண்ணீர் வடிய இரண்டு ஹியூம் பைப்பும் என்ன விலை என்று விசாரித்துப் பாருங்கள். அதுகூட உங்கள் கையிலிருந்து போட வேண்டியதில்லை. தோண்டியவன் மூட வேண்டும், அதைக் கேட்க வேண்டும். வருஷத்தில் ஆறு கிராமசபை நடக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. “எதுக்காவது போயிருக்கீங்களா?” என்று கேட்டேன். “லீவு நாள்லதானுங்ணா வண்டி வேல பாக்க முடியும்” என்றார்.

ஊருக்கே தண்ணீர் இல்லை என்று லாரி லாரியாக விலைக்கு வாங்கிய திருப்பூர்தான் இது. ஆளாளுக்கு லாரி வாங்கிச் சமாளித்திருக்கலாம். அது போதாது என்று கூடிப் பேசி, அரசாங்கத்தையும் பனியன் முதலாளிகளையும் வங்கிகளையும் ஒரே கம்பெனியில் உட்கார வைத்து, ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் போட்டு, பவானிப் பக்கத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் குழாய் இழுத்துவந்தார்கள். நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவருகிற திட்டம். அத்தனை தூரம் குழாய் கொண்டுவந்த ஊருக்கு, குழாய் போட்ட நானூறு அடிச் சந்தை மூடச் சொல்லத் தெரியாதா?

இவ்வளவையும் தம்பியிடம் பட்டறையிலேயே சொன்னேன், இதைவிடக் கொஞ்சம் மரியாதைக் குறைவாக. அவர் மெக்கானிக்கைப் பார்த்தார். மெக்கானிக் அப்போதுதான் வாயைத் திறந்தார். “நானும் மொதல்ல வேண்டாம்னுதான் சொன்னேனுங்க. நான் இல்லாட்டி வேற பட்டறைக்குப் போவாரு. அங்க பல்லக்கூட எண்ண மாட்டாங்க.” அதற்கு என்னிடம் பதில் இல்லை.

நேற்று தம்பி போன் செய்தார். வேலையை நிறுத்திவிட்டாராம். பழைய முன் ஆக்சிலையே திருப்பி மாட்டி, டயர் மட்டும் மாற்றியிருக்கிறாராம். சந்தோஷமாக இருந்தது.

“அந்த ஜீப் ஆக்சில என்ன பண்ணுனீங்க?”

“போட்ட காசுக்கே போயிருச்சுங்ணா. எங்க சந்துல மூணாவது செட்டுக்காரரு வாங்கிக்கிட்டாரு. அவரு வண்டிக்குப் பண்ணப் போறாராமா.”